நகையை அடகு வைத்து ஸ்விஃப்ட்டுக்கு மாடிஃபிகேஷன்: சரியா, தப்பா?

பள்ளத்தூர்_பையன்: வண்டி ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ, 14 இன்ச் வீல். கார் லோன் இன்னும் 3 வருஷம் இருக்கு. 16 இன்ச் அலாய், வண்டியைத் தாழ்த்துற லோயரிங் ஸ்பிரிங், 100/90 வாட் ஹெட்லைட் பல்பு, ஆம்ப்ளிஃபயரோட சப்வூஃபர். காரைக்குடியில எஸ்டிமேட் 1,50,000. நகைக்கடன் வாங்கிப் போடலாமாண்ணே?

ஐந்தொகை: வட்டியைப் பாருங்க தம்பி. வருஷத்துக்கு 12 சதவீதம்னாலும் மாசம் 1,500. அசலைத் தொடாம 3 வருஷம் மறுஅடகு வச்சே ஓட்டினா 54,000 வட்டிக்கே போயிடும். விக்கும்போது சப்வூஃபருக்கு எவனும் தனியாக் காசு தரமாட்டான், ஸ்பிரிங்கைப் பார்த்தா விலையைக் குறைப்பான். செட்டிநாட்டுக் கணக்குல இதைச் சொத்துப் பக்கம் எழுத வழியே இல்லை.

டார்க்_தேவகோட்டை: எல்லாத்தையும் ஒரே தராசுல போடாதீங்கண்ணே. உங்க 14 இன்ச் வீலோட 165/80 ஆர்14 டயர் வெளிவிட்டம் சுமார் 620 மிமீ. மேல் வேரியன்ட் இசட்எக்ஸ்ஐக்குக் கம்பெனியே தர்ற 185/65 ஆர்15 621.5 மிமீ. ஸ்பீடோமீட்டர் பிசகாது, வளைவுல பிடிப்பு நல்லா இருக்கும். பழைய டயர் தேய்ஞ்சு எப்படியும் மாத்துற நேரத்துல செஞ்சா கூடுதல் செலவு பெரும்பாலும் அலாய் மட்டும்தான். ஆனா 4 நட்டு, 100 மிமீ பிசிடி (நட்டுத் துளைகள் இருக்கிற வட்டத்தோட விட்டம்)ன்னு மட்டும் பார்த்து வாங்கிடக் கூடாது. ஸ்விஃப்ட்ல வீலோட நடுத்துளை உட்கார்ற ஹப் 54.1 மிமீ, கடை அலாய்ல நடுத்துளை அதைவிடப் பெருசா இருக்கும். அந்த இடைவெளிக்கு ஹப் ரிங் போடலைன்னா 80ஐத் தாண்டினதும் ஸ்டீயரிங் ஆடும். எத்தனை தடவை பேலன்சிங் பண்ணினாலும் நிக்காது.

ஐந்தொகை: அது 15 இன்ச் கதை. தம்பி கேட்டது 16. 195/55 ஆர்16ன்னா விட்டம் ஒத்துப்போகும், ஆனா பக்கச்சுவர் 132 மிமீல இருந்து 107க்கு இறங்கிடும். ஒரு பள்ளத்துல வேகமா விட்டா ரிம் வளையும், டயர்ல கட்டி கிளம்பும்.

டார்க்_தேவகோட்டை: 16 வேண்டாம், ஒத்துக்கிறேன். ஸ்பிரிங்குக்கும் நான் வக்காலத்து வாங்க வரலை. கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மிமீ. 35 இறக்கினா 128. முறைப்படி போட்ட வேகத்தடையே 100 மிமீ உயரம். தெருக்காரங்களே கொட்டி வச்சதுக்கு அளவு ஏது? 5 பேரை ஏத்திக்கிட்டுக் குன்றக்குடி போனா அடி தட்டும், சஸ்பென்ஷன் முழுசா அமுங்கும்போது தடுக்கிற பம்ப் ஸ்டாப் ரப்பர்ல இடிச்சு இடிச்சு ஷாக் அப்சார்பர் சீக்கிரம் ஒழுகும்.

ஒயரிங்_கானாடுகாத்தான்: பல்பை யாருமே தொடலையே. 60/55 பல்பு ஹை பீம்ல சுமார் 5 ஆம்பியர் இழுக்கும், 100/90 எட்டுக்கு மேல இழுக்கும். கம்பெனி ஒயர்லயே மாட்டினா ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் மங்கும், எதிர்ல வர்றவன் கண்ணு கூசும். பழைய 60/55ஐயே வச்சுக்கிட்டு ரிலே ஹார்னஸ் (பல்புக்குத் தனியாக் கரண்ட் கொண்டுபோற ஒயர் செட்) போடுங்க. பேட்டரியில இருந்து நேரா, ஃபியூஸோட. வோல்டேஜ் டிராப் குறைஞ்சாலே வெளிச்சம் கூடும், செலவும் கம்மி. ஆம்ப்ளிஃபயர் போட்டா அதோட ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்துலயே இருக்கணும். டிக்கியில ஃபியூஸை வச்சா நடுவுல ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது காப்பாத்தாது.

ஐந்தொகை: சட்டத்தையும் சேருங்க. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4): அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 அபராதம், இல்ல 6 மாசம் வரை சிறை, ரெண்டுமே கூட விழலாம். கம்பெனி ஸ்பெசிஃபிகேஷன்ல இருந்து மாறக் கூடாதுன்னு 2019லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. இன்சூரன்ஸ்காரன் விபத்துக்கு அப்புறம்தான் இதையெல்லாம் தேடுவான்.

டார்க்_தேவகோட்டை: அறிவிச்சா ஏன் தேடப்போறான்? ரினியூவல்ல அலாயை எலக்ட்ரிக்கல் அல்லாத ஆக்சஸரியா, ஆம்ப்ளிஃபயரை எலக்ட்ரிக்கல் ஆக்சஸரியா பில்லோட சேர்க்கச் சொல்லலாம். கையில காசு இருந்தா 15 இன்ச் அலாய் போடுறதுல தப்பே இல்லை.

ஐந்தொகை: "கையில காசு இருந்தா." அவர் நகையோட நிக்கிறார்யா!

பள்ளத்தூர்_பையன்: சரிண்ணே, இப்போதைக்கு ரிலே மட்டும். டயர் தேயும்போது 15 இன்ச். அப்ப பழைய ஸ்டீல் வீலைக் கடையில கொடுத்துடலாமா?

ஒயரிங்_கானாடுகாத்தான்: கொடுத்துடாதீங்க, இரும்பு விலைதான் போடுவான். வண்டியை விக்கும்போது அதை மாட்டிட்டு அலாயைத் தனியா வித்துக்கலாம். நட்டையும் எடுத்து வைங்க, அலாய் நட்டு ஸ்டீல் வீல்ல சரியா உட்காராமப் போகலாம்.