‘நன்றி’ என்றால் மனைவிக்கு அந்நியமாகப் படுகிறது. வேறு எப்படிச் சொல்வது?

கிணற்றடி (கேள்வி):

எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் ஏப்ரல் கடைசியில் எரிந்துபோனது. நீர்மட்டம் இறங்கியது தெரியாமல் தண்ணீரின்றி ஓடியதால் காயில் கருகிவிட்டது என்றார் மெக்கானிக். புதுக் காயில் கட்டி இறக்கிய பத்தாம் நாளே மீண்டும் நின்றுவிட்டது. கிணற்றையே தூர்வாரிப் பார்க்க வேண்டும் என்று இப்போது சொல்கிறார்கள். ஐந்து வாரங்களாகத் தண்ணீர் லாரியை நம்பித்தான் இருக்கிறோம். இதற்கிடையில் என் தந்தை வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையில் இருக்கிறார்.

லாரி விடியற்காலை நாலரை மணிக்கு வரும். என் மனைவிதான் எழுந்து சம்ப் மூடியைத் திறந்து ஓஸைப் பிடிக்கிறார். பிறகு அப்பாவுக்கு உடம்பு துடைத்து, மருந்து கொடுத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு வேலைக்குப் போகிறார். மெக்கானிக்கைத் துரத்துவதும் பணம் புரட்டுவதும் என் பங்கு. “லாரிக்குப் பணம் கொடுத்தாச்சா?” என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சே இல்லாமல் போய்விட்டது. சென்ற வாரம் ஒரு குடம் தண்ணீர் சிந்தியதற்காக அவரிடம் கத்திவிட்டேன். அன்றிரவு மனம் கேட்காமல், “நீ செய்வதற்கெல்லாம் நன்றி” என்றேன். “நான் என்ன அசலாரா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். என் மனத்தில் இருப்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

மொட்டைமாடி:

தம்பி, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது மன்னிப்பு. அதைக் கேட்காமல் நன்றி சொன்னதால்தான் அது அவருக்கு ஒட்டவில்லை என்று நினைக்கிறேன். குடம் சிந்தியதற்குக் கத்தியது தவறு என்பதை முதலில் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

2019 கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்த நாட்களில் எங்கள் வீட்டிலும் இதே நிலைதான். என் கணவர் என்னைப் பாராட்டி நேரில் ஒரு வார்த்தை பேசியவரில்லை. ஒருநாள் ஊரிலிருந்த என் மாமியாரிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்: “துணி அலசிய தண்ணீரைக் கழிப்பறைக்கு எடுத்து வைக்கிறாள், அரிசி களைந்த தண்ணீரைக்கூடக் கருவேப்பிலைச் செடிக்கு விடுகிறாள், பன்னிரண்டு குடத்தில் வீட்டையே நடத்துகிறாள் அம்மா.” சமையலறையில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, அவர் குடங்களை எண்ணியிருக்கிறார் என்பதே போதுமாக இருந்தது. பொதுவாக நன்றி என்றால் அசலார் பேச்சாகத்தான் படும். செய்த வேலையைப் பெயர் சொல்லிச் சொன்னால், பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று தெரியும். அதையும் மாமியார் காதில் போட்டால் அதன் மதிப்பே தனி.

ஆற்றங்கரை:

மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரு உளவியலாளர்கள் கனடாவில் செய்த ஆய்வொன்று 1979-இல் வெளிவந்தது. வீட்டுப் பொறுப்புகளில் தங்கள் பங்கு எவ்வளவு என்று கணவன் மனைவி இருவரையும் தனித்தனியே மதிப்பிடச் சொன்னார்கள். பெரும்பாலான பொறுப்புகளில் இருவர் பங்கையும் கூட்டினால் முழு அளவையும் தாண்டியது. நாம் செய்தது நமக்கு எளிதில் நினைவுக்கு வருவதும், மற்றவர் செய்தது நம் கண்ணில் படாமலே போவதும் இதற்கு ஒரு காரணம். நீங்கள் மெக்கானிக்கின் கடை வாசலில் காத்து நின்றது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நாலரை மணிக்கு ஓஸின் கனம் எவ்வளவு என்பதை நீங்கள் அறிந்ததில்லை. ஆகவே அன்றைய நாளில் என்ன நடந்தது என்று இரவில் இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லுங்கள். முறையிடுவதற்காக இல்லாமல், தெரியப்படுத்துவதற்காகச் சொல்லுங்கள். பாராட்டு அதிலிருந்து தானாக வரும்.

வாசற்படி:

மேலே சொன்னவை சரியே. ஆனால் மனைவியின் இடத்திலிருந்து ஒன்று சொல்ல விரும்புகிறேன். 2019-இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். “நீ இருப்பதால்தான் இந்த வீடு ஓடுகிறது” என்ற வாக்கியத்தை நான் பல ஆண்டுகள் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகும் மறுநாள் அதே வேலை என்னிடமேதான் இருக்கும் என்பதால், அது பாராட்டாக இல்லாமல் இன்னொரு நாளுக்கான வேலையாகவே என் காதில் விழுந்தது. உங்கள் தந்தையின் பணிவிடையிலோ லாரியிலோ ஒன்றை முழுதாக உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நினைவூட்டித்தான் செய்வீர்கள் என்றால் அது அவருடைய வேலையாகவே நீடிக்கும்.

கிணற்றடி:

மூவருக்கும் வணக்கம். குடத்துக்காகக் கத்தியது தவறு என்று உங்கள் பதில்களைப் படித்த அன்றே சொல்லிவிட்டேன். அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை. திங்கள் முதல் லாரிக்கு நான்தான் எழுகிறேன். முதல் நாள் பழக்கத்தில் அவரும் விழித்துக்கொண்டு வாசலில் வந்து நின்று, “ஓஸை இன்னும் உள்ளே விடுங்கள், பாதி வெளியே போகிறது” என்றார். அந்த ஓஸை இத்தனை நாள் ஒற்றை ஆளாக எப்படிப் பிடித்தார் என்று எனக்கு விளங்கவில்லை. அதை அப்படியே அவரிடம் கேட்டேன். சம்ப் விளிம்பில் காலை முட்டுக்கொடுத்து நின்று காட்டினார். மறுநாள் அப்பாவிடமும் இதைச் சொன்னேன், மனைவி அருகில் இருக்கும்போதே. நேற்று லாரி போன பிறகு இரண்டு தம்ளர் காபியுடன் வந்து படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தூர்வாரும் வண்டி வெள்ளிக்கிழமை வருகிறது.