டிஸ்பிளே மங்கிய வயர்லெஸ் செட்: கண்ணாடியைக் குறை சொல்வதற்கு முன்

பழைய வயர்லெஸ் செட்டில் டிஸ்பிளே மங்கினால், பலரும் உடனே தேடுவது மாற்று எல்சிடியைத்தான், அதாவது எண்களைக் காட்டும் கண்ணாடித் தகட்டை. என்னிடம் பழுதுபார்க்க வந்த செட்டுகளில் கண்ணாடியே கெட்டுப்போயிருந்தவை மிகக் குறைவு. கடைசியாக வந்த ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அது 1990களின் தொடக்கத்தில் வந்த, வண்டியில் பொருத்தும் 144 மெகாஹெர்ட்ஸ் செட். ஒலி தெளிவாக வந்தது. ஆன்டெனாவுக்குப் பதிலாக டம்மி லோடு (அலையை வெளியே விடாமல் தானே வாங்கிக்கொள்ளும் மின்தடை) மாட்டி ஒலிபரப்பினால் பவர் மீட்டரும் முழு அளவைக் காட்டியது. பேக்லைட்டும் எரிந்தது. அதிர்வெண் எண்கள் மட்டும் தெரியவில்லை. செட்டைச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்த்தேன். எண்கள் மிக மெலிதாக இருந்தன, டயலைத் திருப்பினால் மாறவும் செய்தன. பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. எண்கள் சரியாக மாறுகின்றன என்றால் மைக்ரோகண்ட்ரோலரும் டிஸ்பிளேயை இயக்கும் டிரைவர் ஐசியும் வேலை செய்கின்றன, கண்ணாடியும் உயிரோடு இருக்கிறது. குறைவது எண்களுக்குக் கருமை தரும் கான்ட்ராஸ்ட் வோல்டேஜ்தான்.

இந்த வகை டிஸ்பிளேக்கு 5 வோல்ட் மட்டும் போதாது. கிரவுண்டுக்குக் கீழே ஒரு மைனஸ் வோல்டேஜும் வேண்டும். சர்க்யூட் வரைபடம் அந்த இடத்தில் மைனஸ் 8 வோல்ட் என்றது. மீட்டரோ மைனஸ் 3ஐத் தாண்டவில்லை. ஹேர் டிரையரால் அந்தப் பகுதியை இலேசாகச் சூடாக்கியபோது எண்கள் கருத்தன. இங்கே அவசரப்படக் கூடாது. சூடுபட்டால் எல்சிடி தானாகவே கொஞ்சம் கருக்கும். எனவே கண்ணாடியை விட்டுவிட்டு, போர்டை மட்டும் சூடாக்கி மீட்டரைக் கவனித்தேன். வோல்டேஜ் மெல்ல மைனஸ் 6 வரை போனது. உலர்ந்துபோன கெப்பாசிட்டரின் குணம் இது.

மைனஸ் வோல்டேஜ் உண்டாகும் இடத்தில் இரண்டு சிறிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் இருந்தன. சாலிடரிங் அயர்னை வைத்ததும் கருவாட்டு வாடை கிளம்பியது. உள்ளிருந்த திரவம் கசிந்திருந்தது. அடியில் ஒரு செம்புப் பாதை பச்சை பூத்து அறுந்தும் கிடந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் நன்றாகக் கழுவி, பச்சையைச் சுரண்டி, மெல்லிய கம்பியால் பாதையை இணைத்தேன். புதிய கெப்பாசிட்டர் வைப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: மைனஸ் வோல்டேஜ் பாதையில் பிளஸ் முனைதான் கிரவுண்டுக்குப் போகும். டாண்டலம் வகை கெப்பாசிட்டரைப் பழக்க தோஷத்தில் திருப்பி வைத்தால் கருகிவிடும், வெடிக்கவும் செய்யும். மைனஸ் 8 திரும்பியது, எண்களும் கருகருவென்று வந்தன.

இன்னொரு வேண்டுகோள். எல்சிடியைச் சோதிக்கிறேன் என்று அதன் முனைகளில் பேட்டரியை நேரடியாகத் தொடாதீர்கள். அது ஏசியில் இயங்கும் பொருள்; டிசி தொடர்ந்து பாய்ந்தால் உள்ளே இருக்கும் திரவப் படிகம் நிரந்தரமாகக் கெடும்.

* * *

ஐயா, நீங்கள் சொன்னதில் எண்கள் எல்லாமே ஒரே சீராக மங்கியிருந்தன. எனக்கு வந்த கையடக்க செட்டில் கதை வேறு. ஓர் எண்ணில் மட்டும் சில கோடுகள் இல்லை. மற்றவை கருமையாகவே இருந்தன. டிஸ்பிளேயின் விளிம்பை விரலால் அழுத்தினால் அவையும் வந்தன, எடுத்தால் போயின.

கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் பட்டைதான் காரணம். மின்சாரம் கடத்தும் அடுக்கும் கடத்தாத அடுக்குமாக மாறி மாறி அமைந்த பட்டை அது. சாலிடரே இல்லை, அழுத்தத்தை நம்பியே தொடர்பு. பட்டையையும் போர்டின் தொடுபுள்ளிகளையும் ஆல்கஹாலால் துடைத்து, திருகுகளை ஒரே பக்கமாக முறுக்காமல் மாறி மாறிச் சமமாக இறுக்கியதும் எல்லாக் கோடுகளும் வந்துவிட்டன. கண்ணாடி விளிம்பைச் சுரண்ட வேண்டாம். அங்கே கண்ணுக்குத் தெரியாத கடத்தும் பூச்சு இருக்கிறது. போனால் போனதுதான்.

அதன் பிறகு நான் முதலில் பார்ப்பது எந்தக் கோடு காணவில்லை என்பதைத்தான். ஓர் எண்ணில் மட்டும் குறை என்றால் அந்தக் கோட்டுக்கான செக்மென்ட் இணைப்பு. எல்லா எண்களிலும் ஒரே இடத்துக் கோடுகள் போயிருந்தால், அவை பகிர்ந்துகொள்ளும் காமன் இணைப்பு.

* * *

அண்ணா, மேலே சொன்ன இரண்டிலும் சேராத ஒன்று என்னிடம் வந்தது. கேட்கும்போது டிஸ்பிளே ஒழுங்காக இருக்கும். பேசும் பொத்தானை அழுத்தினால் எண்கள் துடிக்கும், சில நேரம் மறையும். ஆன்டெனாவிலிருந்து அலை உள்ளே புகுகிறது என்று நினைத்து அதைத் தடுக்க வயரில் மாட்டும் ஃபெரைட் வளையம் வாங்கப் போகிறவர்கள், அதற்கு முன் டம்மி லோடில் ஒருமுறை பாருங்கள். துடிப்பு நின்றுவிட்டால் சந்தேகம் ஆன்டெனா பக்கம் வலுக்கும். என் செட்டில் அது நிற்கவில்லை.

பவர் சப்ளையில் 13.8 வோல்ட் இருந்தது. ஒலிபரப்பும்போது செட்டின் பவர் நுழையும் இடத்தில் அளந்தால் 10க்கும் கீழே விழுந்தது. இடையில் இருந்த ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டால் நன்றாகச் சுட்டது. பிரித்துப் பார்த்தால் தொடுமுனை கறுத்திருந்தது. ஹோல்டரை மாற்றியதும் வோல்டேஜ் 13க்குக் கீழே இறங்கவில்லை, எண்களும் அசையவில்லை. முன்பக்கப் போர்டை நான் கழற்றவே இல்லை.