ஜெனரேட்டிவிட்டி: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே,

மனித வாழ்க்கையை எட்டு வளர்ச்சிப் பருவங்களாகப் பிரித்த உளவியலாளர் எரிக்சன், அவற்றில் ஏழாவதுக்கு வைத்த 'ஜெனரேட்டிவிட்டி' (generativity) என்ற பெயருக்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தீர்கள். இதுவரை வந்தவை உற்பத்தித்திறன், படைப்பாற்றல், ஆக்கத்திறன், தலைமுறை அக்கறை. முதல் மூன்றையும் தயங்காமல் விலக்கிவிடலாம் என்பது என் கருத்து. எரிக் எரிக்சன் 1950இல் இந்தச் சொல்லை உருவாக்கியபோதே, அன்று புழங்கிய புரொடக்டிவிட்டி, கிரியேட்டிவிட்டி இரண்டும் தான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை என்று எழுதிவிட்டார். அவர் விலக்கிய அதே சொற்களை நாம் தமிழில் போட்டு உள்ளே கொண்டுவந்தால் அப்புறம் புதுச்சொல் எதற்கு?

அவர் சொல்ல வந்தது இதுதான். நடுவயதில், பொதுவாக நாற்பதுக்கும் அறுபத்தைந்துக்கும் இடையில் என்பார்கள், ஒருவருக்குத் தனக்குப் பின்னால் வருகிறவர்களை நிலைநிறுத்தி வழிகாட்ட வேண்டும் என்ற நாட்டம் முதன்மையாகிறது. அது நடக்காவிட்டால் தேக்கம். மனிதர் தன்னையே தன் குழந்தைபோலக் கொஞ்சத் தொடங்கிவிடுகிறார்.

உற்பத்தித்திறன் ஏன் ஆகாது என்பதற்கு ஒரு மருத்துவமனை வார்டை எடுத்துக்கொள்ளுங்கள். அனுபவமுள்ள செவிலியர் ஒருவர், நரம்பு கிடைக்காமல் தடுமாறும் புதியவரிடமிருந்து ஊசியை வாங்கித் தானே போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். வேலை சீக்கிரம் முடிகிறது, நோயாளிக்கும் ஒரு குத்தோடு போயிற்று. இன்னொருவர் அந்தப் புதியவரின் விரலைப் பிடித்து முழங்கை மடிப்பில் வைத்து, "பார்க்காதே, தொட்டுப் பார், அமுக்கினால் எழும்புதா?" என்று கேட்டு, பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அன்றைய கணக்கில் இவர் வேலை குறைவாகத்தான் தெரியும். எரிக்சன் பேசியது இந்த இரண்டாமவரைப் பற்றி.

'தலைமுறை அக்கறை' எனக்கும் முதலில் பிடித்திருந்தது, படித்த உடனே புரிகிறது. ஆனால் உளவியலாளர் டான் மெக்காடம்ஸ் 1990களில் இந்தக் கருத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்தபோது அக்கறை வேறு, உறுதிப்பாடு வேறு, செயல் வேறு என்று தனித்தனியே வைத்தார். மனதில் அக்கறை நிறைய இருந்தும் செயலில் ஒன்றும் இல்லாதவர்கள் உண்டு. மொத்தத்துக்கு வைக்கும் பெயரிலேயே 'அக்கறை' இருந்தால் அந்த உட்பிரிவை எப்படி எழுதுவீர்கள்? 'தலைமுறை அக்கறையின் அக்கறை' என்றா?

பேணல் என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். நல்ல சொல், ஆனால் அதை இங்கே செலவழிக்க வேண்டாம். எரிக்சன் ஒவ்வொரு பருவத்திலும் விளையும் பண்பு ஒன்றைச் சொல்கிறார். ஏழாவதற்கு அவர் சொல்லும் கேர் என்பதற்குப் பேணல் அப்படியே பொருந்துகிறது.

என் பரிந்துரை: தலைமுறை வளர்ப்பு.

குழந்தை வளர்ப்பு எல்லாருக்கும் தெரிந்த சொல். எரிக்சனும் அங்கேதான் தொடங்கினார், பிறகு அதைப் பெற்ற பிள்ளைக்கு அப்பால் மாணவர், தொழில், நிறுவனம், எண்ணம் என்று விரித்தார். குழந்தை என்ற இடத்தில் தலைமுறை வந்து உட்காரும்போது அந்த விரிவு தானாகக் கிடைக்கிறது. வளர்ச்சி உளவியல் கட்டுரைகளில் 'வளர்ச்சி' வரிக்கு வரி வருமே, குழம்பாதா என்று கேட்கலாம். குழம்பாது. வளர்ச்சி வளர்கிறவருடையது, வளர்ப்பு வளர்க்கிறவருடையது, தமிழ்க் காதுக்கு இந்த வேறுபாடு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. வளர்ப்பு மகன், வளர்ப்புத் தாய் என்று ரத்த உறவில்லாததைக் குறிக்கிறதே என்ற தடையும் வரும். எனக்கு அது தடையாகவே தெரியவில்லை. பெறுவது மட்டும் போதாது, பெறாதவருக்கும் இது உண்டு என்பதுதானே கருத்தின் உயிர். எரிக்சன் காந்தியைப் பற்றி ஒரு முழு நூல் எழுதியபோதும் மையமாக எடுத்தது அவர் பெற்ற பிள்ளைகளை வளர்த்த கதையை அல்ல, 1918 அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை; அப்போது காந்திக்கு 48 வயது, இதே நடுவயது.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். 'தலைமுறை வளர்ப்பு எதிர் தேக்கம்', 'தலைமுறை வளர்ப்பு அளவுகோல்', 'தலைமுறை வளர்ப்புச் செயல்கள்' எல்லாம் ஓடுகின்றன. உளவியலாளர் ஜான் கோட்ரே 1984இல் இந்தக் கருத்தைப் பிரித்த நான்கு வகைகளில் நீளம் கொஞ்சம் இடிக்கிறது. அங்கே தலைமுறையை விட்டுவிட்டு உயிர்வழி வளர்ப்பு, பெற்றோர்வழி வளர்ப்பு, திறன்வழி வளர்ப்பு, பண்பாட்டு வளர்ப்பு என்று எழுதலாம். மனநல மருத்துவர் ஜார்ஜ் வெய்லன்ட் இந்தப் பருவத்துக்கு அடுத்ததாகச் சேர்த்தாரே, கற்றதையும் மரபையும் காத்து நிற்கும் நிலை, அதற்கு 'மரபுக் காவல்' என்று வைத்தால் வளர்ப்பும் காவலும் பக்கத்தில் பக்கத்தில் தெளிவாகப் பிரிந்து நிற்கும். ஒன்றில் கண் இளையவர் மேல், மற்றதில் கண் கைமாறிவரும் பொருள் மேல்.

தலைமுறையாக்கம் என்று சுருக்கலாமே என்பவர்களுக்கு: உலகமயமாக்கம், நகரமயமாக்கம் வரிசையில் சேர்ந்து சமூகவியல் சொல்லாகிவிடும். வேண்டாம்.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. பேணலுக்கு எதிராக எரிக்சன் ரிஜெக்டிவிட்டி என்று ஒன்று வைக்கிறார்: இன்னார் என் பொறுப்பு, இன்னார் இல்லை என்று ஆட்களையும் கூட்டங்களையும் அக்கறைக்கு வெளியே நிறுத்துவது. நிராகரிப்பு என்றால் ஒரு தடவை நடக்கும் செயலாகிவிடுகிறது, இதுவோ நிலைத்த மனப்போக்கு. 'புறந்தள்ளும் போக்கு' வரை வந்தேன், ஒரே சொல்லாகச் சிக்கவில்லை. யாரிடமாவது இருக்கிறதா?