விமானப் பயண நேரத்தைக் கணக்கிட ஒரு வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். இரு நகரங்களுக்கு இடையிலான வான்வழித் தூரத்தைக் கொண்டு பயண நேரத்தைச் சொல்லும் ஒரு சிறிய அட்டவணை தயாரிக்கிறேன். தூரத்தில் சிக்கல் இல்லை. அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் ஹாவர்சைன் சூத்திரம் தந்துவிடுகிறது. நேரம்தான் படுத்துகிறது.

லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையம் சுமார் 5,540 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் ஆறேகால் மணி நேரம்கூட வரவில்லை. டிக்கெட்டிலோ போவதற்கு ஏறத்தாழ 8 மணி, திரும்புவதற்கு 7 மணி. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்றோட்டம் திரும்பும் விமானத்தைத் தள்ளிவிடுகிறது, புரிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் மேலேறி இறங்குவதும் அந்த நேரத்தில் அடக்கம், அதுவும் சரி.

இவற்றுக்காக எவ்வளவு நேரம் கூட்டுவது வழக்கம்? குறுந்தூரத்துக்கும் நெடுந்தூரத்துக்கும் ஒரே அளவு பொருந்துமா? குளிர்காலத்தில் அந்தக் காற்று வலுக்கிறதே, மாதவாரியாகக் கணக்கில் சேர்க்க வேண்டுமா, ஆண்டுச் சராசரி போதுமா?

விமானத் துறையில் இருப்பவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும். தூரம் காட்டும் இணையதள முகவரிகள் மட்டும் வேண்டாம். நான் பார்த்தவை எல்லாம் ஒரே வேகத்தால் வகுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன.