புதுப்பிப்பு: மெஸ்ஸர்ஷ்மிட் ஒருவழியாகப் பின்னால் போனது

என் 1957 மெஸ்ஸர்ஷ்மிட் கேஆர்200 (மூன்று சக்கர ஜெர்மன் குட்டிக் கார்) முன்னால் நன்றாக ஓடுகிறது, ரிவர்ஸ்தான் வரவில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேன். கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொன்னீர்கள். நல்லவேளை, பிரிக்கவில்லை. இந்த வண்டிக்கு ரிவர்ஸ் கியரே கிடையாது! எஞ்சினை நிறுத்தி, சாவியை இன்னும் உள்ளே அழுத்தி ஸ்டார்ட் செய்தால், அந்த 191 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சினே தலைகீழாகச் சுற்றும். அதற்கென்று தனி பாயின்ட் செட் (தீப்பொறிக்காக மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் முனைகள்) உண்டு. கழற்றிப் பார்த்தால் முனையெல்லாம் கரி. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்து சாவியை அழுத்தினேன். ஒரு இருமல், நீலப் புகை, அப்புறம் குடுகுடுவென்று பின்னால் நகர்ந்தது. நான்கு கியரிலும் பின்னால் போகலாமாம். எனக்கு முதல் கியரே போதும்.

வரலாறு கேட்டவருக்கு: இரண்டாம் உலகப் போரில் ஊனமுற்றவர்களுக்காக ஜெர்மன் பொறியாளர் ஃபிரிட்ஸ் ஃபெண்ட் செய்த சிறுவண்டியில்தான் தொடக்கம். போர்விமானங்கள் செய்த மெஸ்ஸர்ஷ்மிட் நிறுவனத்துக்கோ அப்போது விமானம் கட்டத் தடை; அதனால் ஃபெண்டின் வண்டியைக் கையில் எடுத்தது. ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகர ஆலையில் 1953இல் கேஆர்175, 1955இல் கேஆர்200 வந்தன. மேலே இருக்கும் கண்ணாடிக் கூண்டு போர்விமானத்தின் மிச்சம் என்பது வெறும் கட்டுக்கதை.

அந்தக் கூண்டின் ரப்பர் பட்டைதான் அடுத்த வேலை. மழை பெய்தால் மடியில் ஒழுகுகிறது.