டிரைவர் இல்லாத கார் வந்தா பே ஏரியா நெரிசல் குறையுமா, கூடுமா?

நெடுஞ்சாலை580:
பே ஏரியாங்கற சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்துல, டிரைவர் இல்லாத டாக்சி விடற வேமோ கம்பெனி 2025 நவம்பர்ல ஃப்ரீவேயிலயும் பொதுமக்களை ஏத்த ஆரம்பிச்சாச்சு. கிழக்கே தூரத்துல இருக்கற டிரேசி, ஸ்டாக்டன் ஊர்கள்ல இருந்து ஐ-580 நெடுஞ்சாலை வழியா வேலைக்கு வர்ற கூட்டத்துக்கு இது நல்ல சேதி. மனுஷங்க ஓட்டும்போது வண்டிக்கு வண்டி 1.8 விநாடி இடைவெளின்னு வைங்க. ஒரு தடத்துல மணிக்கு 2000 வண்டி. தானா ஓடற கார் அதை 1.2 ஆக்கினா 3000. புது ரோடே தேவையில்லை.

ரயில்பக்கம்:
அந்த 1.2 எப்படி வரும்? முன்வண்டி பிரேக் போடறதை ரேடியோ மூலமா பின்வண்டிக்குச் சொன்னாத்தான் அவ்வளவு நெருங்கியும் சீரா ஓடலாம். முன்வண்டியைப் பார்த்துத் தானா வேகத்தை மாத்திக்கற 'அடாப்டிவ் க்ரூஸ்' வசதியோட கடையில விக்கிற கார்களை வரிசையா ஓட்டிச் சோதிச்சிருக்காங்க. முன்னால ஒருத்தர் லேசா வேகம் குறைச்சா, பின்னால போகப்போக அது பெருசாகுது. நெரிசலே அப்படித்தான் பிறக்குது.

நெடுஞ்சாலை580:
அது மென்பொருளை அமைச்ச விதம். அரிசோனாவுல டூசான் சோதனையைப் பாருங்க. வட்டப்பாதையில இருபதுக்கு மேல கார். அதுல ஒண்ணே ஒண்ணு தானா, சராசரி வேகத்தைப் பிடிச்சு நிதானமா ஓடுச்சு. நின்னு நின்னு போற அலை அடங்கிடுச்சு, எரிபொருள் 40 சதவீதம் வரை மிச்சம்.

கீதா:
ரெண்டு பேருமே ஒரு தடத்துல எத்தனை வண்டின்னுதான் பேசறீங்க. மொத்தம் எத்தனை மைல்? பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுல, தானா ஓடற கார் இருந்தா எப்படின்னு பார்க்க, 13 பேருக்கு ஒரு வாரம் இலவசமா டிரைவர் கொடுத்தாங்க. கார் ஓடின தூரம் 83 சதவீதம் ஏறிச்சு. ராத்திரிப் பயணம், தூரப் பயணம், சொந்தக்காரர் ஏறாம காரை மட்டும் வேலையா அனுப்பறது எல்லாம் கூடிச்சு.

நெடுஞ்சாலை580:
13 பேர், அதுவும் இலவசம்! சொந்தக் காசுல போனா இவ்வளவு ஏறாதுங்க.

கீதா:
சின்ன ஆய்வுதான், ஒத்துக்கறேன். ஆனா பார்க்கிங் கணக்கைப் போடுங்க. சான் பிரான்சிஸ்கோ நடுவுல ஆளில்லாத கார் ஊர்ந்து சுத்தறதுக்கு மணிக்கு சுமார் அரை டாலர்தான்னு 2019 ஆய்வு ஒண்ணு சொல்லுது. பார்க்கிங் அதைவிடப் பலமடங்கு. வேகம் குறையக் குறைய செலவும் குறையும். அப்புறம் நெரிசலே அந்தக் காருக்கு லாபம்தானே?

ரயில்பக்கம்:
காலையில ஆளை இறக்கிவிட்டுட்டு கார் காலியா வீட்டுக்கே திரும்பினாலும் சிக்கல்தான். சான் பிரான்சிஸ்கோவை ஓக்லாந்தோட இணைக்கிற பே பிரிட்ஜ் பாலத்துல மேற்கே, நகரத்துக்குள்ள வர்றப்பதான் டோல். கிழக்கே காலியாப் போற வண்டிக்கு ஒரு காசு கிடையாது.

நெடுஞ்சாலை580:
அப்போ காலி மைலுக்குத் தனிக் கட்டணம் போடுங்க. வண்டியில ஆள் இருக்கா இல்லையான்னு ரோபோ டாக்சி கம்பெனிகிட்ட பதிவு இருக்கு.

கீதா:
டாக்சிக்குச் சரி. சொந்தக் கார் தானா ஓட ஆரம்பிச்சா அந்தப் பதிவு யார்கிட்ட இருக்கும்? வண்டி விக்கறதுக்கு முன்னாடியே அதைச் சட்டத்துல எழுதணும்.