தரம் 6 ஏ, பி, சி பிரிப்பு: உங்கள் பக்கம் எப்படி?

உப்புவெளி அம்மா:
மகனைத் தரம் 6 சி வகுப்பில் போட்டிருக்கிறார்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைப் புள்ளியைப் பார்த்துத்தான் பிரிப்பாம். ஏ வகுப்பில் பின்னம் முடிந்து தசமம் போகிறது. இவன் கொப்பியில் இன்னும் வாய்ப்பாடு. மூதூரில் அக்காவின் மகளுக்கோ புள்ளி பார்க்காமல் கலந்த வகுப்பு, குழுவேலை. ஒரே பாடநூல், ஒரே திருகோணமலை மாவட்டம், இதென்ன கூத்து?

கிண்ணியா சேர்:
மூதூர் தனிக் கல்வி வலயம், தங்கச்சி. ஆனால் பிரிப்பது பெரும்பாலும் அதிபரின் முடிவுதான். பதினோராம் ஆண்டுச் சாதாரண தரப் பரீட்சையில் எல்லாருக்கும் ஒரே கணித வினாத்தாள். தவணைப் பரீட்சைக்குப் பிறகு வகுப்பு மாற்றுவார்களா என்று கேளுங்கள்.

நிலாவெளியான்:
என் மகளும் சி-தான். கணித ரீச்சர் கெட்டிக்காரி, தப்பினோம். யார் படிப்பிக்கிறார் என்று முதலில் விசாரியுங்கள்.

உப்புவெளி அம்மா:
சரி சேர், திங்கள் போய்க் கேட்கிறேன். ரியூசனுக்கு மட்டும் இப்போது அனுப்பமாட்டேன். பிள்ளை ஐந்தாம் ஆண்டிலேயே களைத்துவிட்டான்.